களனி ஆற்றில் பதின்மூன்றாவது இருக்கை

யுத்தம் நடக்கிற ஊருக்கு உல்லாசப் படகுப் பயணம் ஏற்பாடு செய்யப் போன ஒரே தூத்துக்குடிக்காரன் நானாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி வந்த காரணத்தைக் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

பழி என் சித்தி மகன் ரோமால்டைச் சேரும். சிங்கப்பூரில் இருக்கிறான். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஆற்றில் ஏழு நாள் கப்பலில் போய்வந்தான். காலையில் ஒரு கோட்டை, மாலையில் ஒரு கோட்டை. நடுவே வெள்ளைக்காரர்கள் கரையிறங்கி, அவரவர் பூட்டன் ஞானஸ்நானம் பெற்ற கோயிலைத் தேடிப்போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்களாம். பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஆறும் வேண்டும், பூட்டனும் வேண்டும் என்றாகிவிட்டது.

பூட்டனுக்குப் பஞ்சமில்லை. எங்கள் முன்னோர் எல்லாரும் தூத்துக்குடியிலேயே பிறந்து, தூத்துக்குடியிலேயே செத்து, தேடுகிறவருக்குச் சிரமம் வைக்காமல் ஒரே கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். காணாமல் போனவர் ஒருவர்தான். மிக்கேல் மாமா, என் அம்மாவின் அண்ணன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தோணிகள் சரக்கேற்றிக் கொழும்புக்குப் பாய் விரிக்கும். பத்தொன்பது வயதில் அப்படி ஒரு தோணியில் ஏறினார். எட்டு வயதுத் தங்கையிடம், "துறைமுகம் வரைக்கும் போயிட்டுச் சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தோணி திரும்பி வந்தது. அந்தச் சாயங்காலம் அறுபது வருடத்துக்கு மேலாக வரவில்லை.

கொழும்புக் கொட்டாஞ்சேனை முகவரியோடு இரண்டு கடிதம் வந்தது. களனி ஆற்றில் படகு ஓட்டுவதாக எழுதியிருந்தார். பிறகு ஒன்றுமில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரி, ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார். அம்மா அழவில்லை. "செத்தது இருக்கட்டும். பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டாள். வியாபாரிக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து, கொழும்பு என்று யார் வாயைத் திறந்தாலும் அம்மாவின் கேள்வி அதுதான்.

ஆக ரோமால்டுக்கு ஆறும் கிடைத்தது, தேட ஓர் ஆளும் கிடைத்தார். களனியில் படகு, பன்னிரண்டு சொந்தக்காரர்கள், ஏழு நாள். முன்னால் போய் வழி பார்த்துக் குறிப்பு எடுத்து வர நான். பன்னிரண்டில் அம்மாவும் ஒருத்தி. அவள் முதல் நாளே மறுத்துவிட்டாள். "தண்ணி மேல போனவன் ஒருத்தனும் சொன்ன நேரத்துக்கு வீடு வந்ததில்ல. நான் வரல." அவள் இருக்கையை ரோமால்ட் காலியாகவே வைத்திருந்தான்.

இந்தத் திட்டத்தை அவன் போட்டபோது சமாதானம் பேப்பரில் இருந்தது. நான் போய் இறங்கியபோது அது பேப்பரிலும் இல்லை.

கொழும்பில் வெள்ளவத்தையில் தங்கினேன். கடலுக்குப் போகிற சந்துகள் எல்லாம் கடைசியில் ரயிலிடம் உத்தரவு கேட்கிற இடம் அது. வீட்டுக்கும் அலைக்கும் நடுவே தண்டவாளம். ரயில் போய் முடிகிறவரை கடல் பொறுத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊரில் கடலுக்கும் ஆளுக்கும் நடுவே நிற்பது மீன்கூடை மட்டும்தான்.

அறை கொடுத்தவர் மகேஸ் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பெட்டியைக் கீழே வைக்குமுன் கேட்டார்: "தம்பி, நீங்கள் எனக்கு என்ன முறை?"

"வாடகைக்கு வந்தவன் அக்கா."

"அப்பிடி எழுதினால் பொலிஸ் வந்து கட்டிலுக்குக் கீழயும் பாக்கும். வீட்டில இருக்கிற எல்லாற்றை பேரையும் நாங்கள் பட்டியல் எழுதி, பொலிஸில குடுத்து, முத்திரை வாங்கி வைச்சிருக்கோணும். பேர், வயசு, என்ன உறவு. உறவு எண்ட இடத்தில வெறுமை இருந்தால் நூறு கேள்வி. சொந்தம் எண்டால் பத்துக் கேள்வி. சொந்தம் எண்டே எழுதுவம்."

"நான் இந்தியாக்காரன். பெயர் சேவியர். நீங்கள் சைவம்."

"அதுக்கென்ன, கலியாணவழிச் சொந்தம். என்ரை தங்கச்சி புருஷன்ரை தமையன் நீங்கள்."

"உங்கள் தங்கை எங்கே இருக்கிறார்?"

"எனக்குத் தங்கச்சியே இல்லைத் தம்பி."

எனக்கும் தம்பி இல்லை. இல்லாத இருவருக்கு நடந்த கல்யாணத்தில் நானும் மகேஸ் அக்காவும் அன்று பின்னேரம் சம்பந்தம் கொண்டோம். பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் அதை ஆசீர்வதித்து முத்திரை குத்தினார்.

கல்யாண விருந்தும் கிடைத்தது. இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. சொதியைப் பார்த்ததும் சொந்தம் கொண்டாடினேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் சொதி உண்டு, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் முருங்கைக்காயும் பாசிப்பருப்புமாகக் கரண்டி நிற்கிற பதத்தில். மகேஸ் அக்காவின் சொதி பால்போல ஓடியது; இடியப்பம் அதில் நனைவதற்குள் காணாமல் போனது. "இதுவா சொதி?" என்று கேட்டுவிட்டேன். "கரண்டி நிண்டால் அது சொதி இல்லைத் தம்பி, பொங்கல்" என்றார். சம்பந்தியிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

மறுநாள் முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக்கு. ஓட்டியவர் சுனில், சிங்களவர், அரைத் தமிழ் பேசுவார். முன்கண்ணாடியில் புத்தர், அவருக்குப் பக்கத்தில் மாதா, கீழே பிள்ளையார். "மூணு பேரும் இருந்தா நல்லது மஹத்தயா. எந்தச் செக்பொயின்ட்ல யார் தேவைப்படும்னு சொல்ல ஏலாது."

வழியில் நான்கு இடத்தில் இறக்கினார்கள். பூர்வீகம் தேடப் போகிறவர்களுக்கு இங்கேயே ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன். சுவடிக்கூடம், நூலகம் என்று அலைய வேண்டாம். கொழும்பில் ஒரு தமிழன் ஒரு நாள் தெருவில் நடந்தால் போதும். ஊர் எது, அப்பா பெயர் என்ன, அம்மாவின் ஊர் எது, எங்கே தங்கியிருக்கிறாய், அந்த வீட்டுக்காரி உனக்கு என்ன முறை, எல்லாவற்றையும் இருபது வயதுச் சிப்பாய்கள் வெயிலில் நின்று அக்கறையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். என் குலத்தைப் பற்றி இவ்வளவு ஆர்வத்தோடு என் பெண்டாட்டி வீட்டார்கூடக் கேட்டதில்லை. மூன்றாவது இடத்தில் என் முறை எனக்கே குழம்பி, மகேஸ் அக்காவை அண்ணியாக்கிவிட்டேன். சிப்பாய் திருத்தாமல் விட்டார்.

அதே வெயிலில் எனக்கு முன்னால் ஒரு பையன் சட்டைப்பையைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு நின்றான். அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறான். அவனை ஓரமாக உட்கார வைத்தார்கள். நாங்கள் புறப்படும்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தான். சுனில் அந்தப் பக்கம் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். நான் வேடிக்கை பேசுவதை இரண்டு தெரு தாண்டும்வரை நிறுத்திவைத்தேன்.

கொட்டாஞ்சேனை எனக்குத் தூத்துக்குடியைச் சுருட்டி ஈரத்தோடு வைத்தது போலிருந்தது. மாதா கோயில் மணியும் பிள்ளையார் கோவில் மணியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் தெருக்கள். கற்பூரம், கருவாடு, டீசல். மாமாவின் கடிதத்தில் இருந்த முகவரியில் இப்போது இரும்புக்கடை. அதன் சொந்தக்காரர் பிலிப்பு ஐயா மாடியில் இருந்தார். எண்பதைத் தொடுகிற வயது, வெள்ளைப் பனியன், காதில் ஒரு கருவி.

மிக்கேல் என்றதும் கருவியைத் திருகிச் சரிசெய்தார். "தோணிக்கார மிக்கேலா? பின்பக்க ரெண்டு அறையும் அவர்தானே இருந்தது. நீங்க அவருக்கு யாரு?"

"தங்கச்சி மகன்."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அந்தப் பதிலை அவர் வாழ்நாளில் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. எழுந்துபோய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டு வந்தார். உள்ளே பிஸ்கட் இல்லை. பழுப்பேறிய தாள்கள், அடுக்கடுக்காக. வருடா வருடம் பொலிஸில் முத்திரை வாங்கிய வீட்டுப் பட்டியல்கள்.

"இதையெல்லாம் இன்னும் வைத்திருக்கிறீர்களா?"

"எறிய ஏலுமா தம்பி? எப்ப எதைக் கேப்பாங்கண்டு யாருக்குத் தெரியும்."

ஒரு தாளை எடுத்து நீட்டினார். மிக்கேல், வயது அறுபத்தொன்பது. அதற்கு அடுத்த வரி: புவனேஸ்வரி, வயது இருபத்திரண்டு. உறவு: மகள்.

நான் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன். அதற்குக் கீழே இருந்த வரிகளுக்கு இறங்கவே இல்லை.

"மாமாவுக்கு மகள் இருந்தாளா?"

"மகள்தான்" என்றார் பிலிப்பு ஐயா. மறுபடியும் சொன்னார், மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி. "மகள்தான். ஒருகொடவத்தையில இருக்கிறா. கொள்கலன் லொறி நிக்கிற இடத்தில சாப்பாட்டுக் கடை."

அந்தத் தாளைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அருகிலிருந்த கடையில் நகல் எடுத்துக்கொண்டு, படி இறங்கி, தெருவில் கண்ட முதல் கொமினிகேஷன் கடைக்குள் பாய்ந்தேன். இங்கே வெளிநாட்டுக்குத் தொலைபேசி பேசும் கடைக்கு அதுதான் பெயர். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, மாமாவுக்கு ஒரு மக இருக்கா."

அம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது.

"பேரு?"

"புவனேஸ்வரி."

"இந்துப் பேரால்ல இருக்கு. கட்டினவ இந்துவா இருப்பா. இருந்துட்டுப் போறா. மூக்கு எப்படில? எங்க அப்பா மூக்கா?"

"இன்னும் பாக்கலம்மா."

"பாத்துட்டுச் சொல்லு. நம்ம மூக்குதான் இருக்கும்."

அன்று மாலைக்குள் ரோமால்டும் கணினியில் வளர்த்துவரும் குடும்ப மரத்தில் ஒரு பெட்டி வரைந்துவிட்டான். அதில் யாரையும் சும்மா ஏற்றமாட்டான். பெரியப்பா ஒருவர் முத்திரை விழுந்த ஆதாரம் இல்லாமல் மூன்று மாதம் கீழேயே நின்றார். பட்டியலின் நகலை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னான். படகு எப்படி, கழிப்பறை உண்டா, மாலையில் கோட்டை ஏதும் தெரியுமா என்று பதினேழு கேள்வியும் கேட்டிருந்தான். நான் இன்னும் ஆற்றையே பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஒருகொடவத்தை. கொள்கலன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, கடல் கடந்து வந்த தகர வீடுகள்போல. அவற்றின் நிழலில் தார்ப்பாய் போட்ட கடை. டிரைவர்கள் நின்றபடி சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதுக்குள், நெற்றியில் விபூதி.

முதலில் மூக்கைத்தான் பார்த்தேன். வெட்கம்தான். சின்ன, அடக்கமான மூக்கு. எங்கள் வீட்டு மூக்கு கப்பல் முனை மாதிரி, ஆளுக்கு முன் அரை நிமிடம் முன்னதாக அறைக்குள் வரும்.

"மிக்கேல் மாமாவோட தங்கச்சி மகன் நான். தூத்துக்குடி."

அவள் கரண்டியை வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். "எட்டு வயசுத் தங்கச்சியா?" என்றாள்.

"இப்போ எழுபது."

"அப்பா சாகுற வரைக்கும் அவங்களுக்கு எட்டு வயசுதாங்க." பேச்சில் மலையகம் இருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சை இருநூறு வருடம் பனியில் ஊறப்போட்டால் அப்படித்தான் கேட்கும். "உக்காருங்க. சாப்பிட்டுப் பேசுவோம். பசியோட கேக்கிற விசயம் இல்ல."

சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கெலவல்லா மீன் குழம்பு, பொரித்த மிளகாய். மீன் எங்கள் சூரை மாதிரி, ஆனால் குழம்பில் கொறுக்காய்ப்புளியின் கறுப்பு. நான் மூன்றாம் முறை சோறு வாங்கிய பிறகுதான் சொன்னாள்.

"நான் அவருக்குப் பொறந்தவ இல்லீங்க."

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பெயர் முத்தையா. இருபத்திரண்டு வயதில் தையல் வேலைக்குக் கொழும்பு வந்தாள். கொட்டாஞ்சேனையில் பிலிப்பு ஐயா வீட்டுப் பின்னறை ஒன்றை மாமா ஒதுக்கிக் கொடுத்தார். எங்கே குண்டு வெடித்தாலும் அன்றே தமிழர் வீடுகளைத் தட்டுவார்கள். தனியாக அறை எடுத்திருக்கும் தமிழ்ப் பெண் என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதனால் பட்டியலில் மகள்.

"பொலிஸ்ல கேட்டாங்க. அட்டையில அப்பா பேரு முத்தையான்னு இருக்கே, நீ மிக்கேலாச்சேன்னு. ரெண்டும் நான்தான், ஒண்ணு கோயில்ல வச்ச பேரு, ஒண்ணு வீட்டுல வச்ச பேருன்னு சொல்லிட்டாரு. வெளிய வந்து வாந்தியே எடுத்தாரு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"செக்கிங் வரும்போது வாய் தவறிடக் கூடாதுன்னு வீட்டுக்குள்ளயும் அப்பான்னே கூப்பிட்டுப் பழகச் சொன்னாரு. முதல்ல சிரிப்பா வரும். ஒரு வாரம் தினமும் காலையில பத்துத் தடவ சொல்லச் சொல்வாரு, வாய்ப்பாடு மாதிரி. அப்புறம் செக்கிங் வராத நாளும் வாயில அதுதான் வந்துச்சு. அவரும் அதுக்குத்தான் திரும்பினாரு. அப்படியே போயிடுச்சுங்க."

என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ தெரியவில்லை. நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முன் ஒரு பொலிஸ் பட்டியலில் இல்லாத தம்பிக்கு அண்ணனாக முத்திரை வாங்கியவன். அப்படிப்பட்டவன் இன்னொரு பட்டியலைப் பார்த்து அப்படியே நம்பி, வயதான தாய்க்குத் தொலைபேசியும் போட்டிருக்கிறான். பூர்வீகம் தேடுகிற ஆவலில் புத்தி முதலில் கரையிறங்கிவிடுகிறது. போகிறவர்கள் கவனிக்கவும்.

"பிலிப்பு ஐயா மகள்தான்னு சொன்னாரே."

"வேற எப்படிங்க சொல்லுவாரு? யாருன்னு தெரியாத ஆளு வந்து கேட்டா, பட்டியல்ல இருக்கிறதத்தான் எல்லாரும் சொல்லணும். அது அந்த வீட்டுச் சட்டம். பின்பக்கத்துல அப்ப அஞ்சு பேரு இருந்தோம். நான் மக. மத்த நாலு பேரும் மருமகப்புள்ளைங்க, தங்கச்சி மகன்னு எழுதினது. ஒருத்தன் திருகோணமல, ஒருத்தன் வவுனியா, ரெண்டு பேரு மன்னாரு. எல்லாருக்கும் மாமா அவருதான்."

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அம்மாவின் குரலிலேயே வந்தது. "சாகும்போது பக்கத்துல யாரு இருந்தா?"

"நாங்க அஞ்சு பேரும்தான். மூணு மாசம் படுத்திருந்தாரு. ஆஸ்பத்திரிப் பாரத்துல உறவுன்னு கேட்டிருந்துச்சு, மகள்னு போட்டேன். மரணப் பதிவுலயும் கேட்டாங்க. அதுலயும் அதத்தான் போட்டேன். எங்கயும் மாத்தி எழுதினா பொலிஸ் பட்டியல் பொய்யாயிடுமே."

பிறகு கொஞ்சம் கோபமாக, "நீங்கதான் யாரும் வரல" என்றாள். ஒரு டிரைவர் பிளேன்டீ கேட்டார். அவள் எழுந்து போனாள்.

நான்காம் நாள் ஆறு. புவனா கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு என்னை அழைத்துப் போனாள். மாமா முதலில் மணல் படகிலும், கடைசி இருபது வருடம் கடவைப் படகிலும் துடுப்புப் போட்டாராம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களைக் கொண்டு விடுகிற வேலை. கடலைக் கடந்து ஓடி வந்தவர், நாளுக்கு நாற்பது முறை திரும்பிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

களனி எப்படி இருக்கும் என்று ரோமால்ட் கேட்டிருந்தான். இஞ்சி போட்ட தேநீரில் பால் விட்டுக் கலக்காமல் வைத்த நிறம். அதன் மேல் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக, ஊரை விட்டுப் போகிற குடும்பங்கள்போல மிதந்து போகிறது. அவசரம் இல்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை. கரையில் மூங்கில், துவைக்கிற கல், மணல் மேட்டில் ஒரு நாய். கோட்டை கிடையாது. மணல்மூட்டை அடுக்கிய காவல் கொட்டில் உண்டு. காலையில் ஒன்று, மாலையிலும் அதே ஒன்று.

படகு ஏறுமுன் அந்தக் கொட்டிலில் இருந்த சிப்பாய் கூப்பிட்டார். என் கடவுச்சீட்டைப் புரட்டினார். அவளுடைய அட்டையைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்: "இவர் உனக்கு யார்?"

நான் அவளைப் பார்த்தேன். என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வதாக மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன்.

"மஸ்ஸினா" என்றாள், கண் இமைக்காமல்.

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அத்தை மகன். அந்த முறைக்குச் சிங்களவர்களிடமும் எங்களிடமும் ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது. சிப்பாய் என் வழுக்கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். ஏதோ கேட்டார்.

"கட்டிக்கிற முறையாச்சே, இத்தன வருசம் எங்க இருந்தாருன்னு கேக்கிறாரு" என்றாள் புவனா.

"நீ என்ன சொன்னே?"

"நானும் அதத்தான் கேக்கப் போறேன்னு சொன்னேன்."

கடவைப் படகில் எட்டு பேர், இரண்டு சைக்கிள், ஒரு மூட்டை மரவள்ளி. படகுக்காரருக்கு மாமாவைத் தெரியும். புவனா சொல்லச் சொல்லத் தலையாட்டினார், பிறகு துடுப்பை நிறுத்தாமலே ஏதோ சொன்னார். "அப்பா நடு ஆத்துல பாட்டுப் பாடுவாராம். ரொம்ப மோசமா இருக்குமாம். சீக்கிரம் கரை வரட்டும்னு எல்லாரும் வேண்டிக்குவாங்களாம்." எங்கள் குடும்பக் குரல்தான். மூக்கு வராவிட்டாலும் குரலுக்குச் சாட்சி கிடைத்தது.

நடு ஆற்றில் அவள் சொன்னாள். "காலையில வேலைக்குக் கெளம்பும்போது எப்ப வருவீங்கன்னு கேட்டா நேரமே சொல்ல மாட்டாரு. 'வந்தா வருவேன்'னுதான் சொல்லுவாரு. ஏம்பா இப்படிச் சொல்றீங்கன்னு கேட்டா, ஒரு தடவ நேரம் சொல்லி மாட்டிக்கிட்டேன்னு சொல்லுவாரு."

அந்தக் கரை வந்துவிட்டது. ரோமால்டின் ஏழு நாள் உல்லாசப் பயணம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பயணத்தின் சிறந்த பகுதி எது என்றால் திரும்பி வருவதுதான். அதே படகில் உடனே ஏறித் திரும்பினோம். எதிர்வெயில், தொப்பி கொண்டு போகவும். கழிப்பறை இல்லை. பாட்டும் இப்போது இல்லை.

திரும்பும் வழியில் மயானத்தில் இறங்கினோம். மாமாவின் சிலுவையில் யாரோ சிமெண்ட் காய்வதற்குள் ஆணியால் எழுதியிருந்தார்கள்: மகளும் மருமக்களும். அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு சிலுவையின் நெற்றியில் கொஞ்சம் விபூதி பூசினாள். "அவருக்கு ரெண்டும் வேணும்" என்றாள்.

இனி இருந்தது அம்மாவிடம் சொல்கிற வேலை. கோழையாக முதலில் ரோமால்டுக்கு எழுதினேன், எல்லாவற்றையும். புவனா ரத்த உறவு இல்லை, பெட்டியை அழிப்பதென்றால் அழித்துக்கொள் என்று. இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. "முத்திரை தெளிவாக இருக்கிறது. மரணப் பதிவின் நகலும் அனுப்பு. இந்த மரத்தில் இவ்வளவு ஆதாரம் உள்ள ஆள் வேறு இல்லை, நீ உட்பட. பெரியம்மாவின் இருக்கை பெரியம்மாவுக்கே. புவனாவோடு படகில் பதின்மூன்று என்று எழுதிக்கொண்டேன். பத்து நிமிடப் படகுக்கு எத்தனை முறை ஏறலாம்?"

வெள்ளவத்தைக் கொமினிகேஷன் கடை. மகேஸ் அக்கா துணைக்கு வந்து கூண்டுக்கு வெளியே நின்றார். சம்பந்தி என்றால் அப்படித்தான். நான் அம்மாவிடம் மூக்கில் தொடங்கி மயானம் வரை சொல்லி முடித்தேன். பெத்த மகள் இல்லை என்பதை நடுவில் மெதுவாக வைத்தேன், வழுக்குகிற கல்லில் கால் வைப்பதுபோல.

ரயில் ஒன்று வந்து, கடலை மறைத்து, போனது.

"மகள்னு யாருகிட்டச் சொன்னான்?"

"பொலிஸ்கிட்டம்மா."

"நேர்ல போய் நின்னா சொன்னான்?"

"ஆமா. முத்திரையெல்லாம் போட்டிருக்கு."

"ஏல, அவன் எனக்கிட்ட வாயத் தொறந்தா பொய்தான். ஆனா காக்கிச் சட்டையக் கண்டா ஒண்ணுக்குப் போயிருவான். பொலிஸ்கிட்டப் பொய் சொல்ற தைரியம் அவனுக்குக் கெடையாது." மூக்கைச் சிந்தினாள். "அப்படின்னா மகதான்."

மாமா வாந்தி எடுத்த கதையை நான் சொல்லவில்லை.

"மக பக்கத்துல இருந்திருக்கா. போதும்ல எனக்கு" என்றாள். பிறகு குரல் மாறியது. "அந்தப் படகு எம்புட்டு நேரம்னு சொன்ன?"

"பத்து நிமிசம்."

"பத்து நிமிசம்னா வாரேன். அவ பக்கத்துல எனக்கு எடம் போடச் சொல்லு."